நிதாயின் ரேடியோவை அந்தோணியாருக்கு நேர்ந்தேன்

சர்வேசுரனுக்குத் தோத்திரம். கராச்சர்மாவில் பஸ் திரும்புகிற இடத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள் கித்தாரும் டிரம்முமாக முழங்கிக்கொண்டிருக்கிற தம்பிமார்களுக்கும், அங்கே பேஸ் கித்தார் வாசிக்கிற அந்த ஒரே தங்கச்சிக்கும் சேவியர் எழுதிக்கொள்வது.

போன வாரம் என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் வாசித்துக் காட்டிவிட்டு, "அங்கிள், உங்க காலத்துல மெட்டல் மியூசிக் எப்படி வாசிச்சீங்க, எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். எங்கள் காலத்தில் அதற்கு அப்படி ஒரு பெயர் இருந்தது எனக்குத் தெரியாது. சத்தம் என்றுதான் ஊரில் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விரலை எங்கே வைப்பது, எப்படி மீட்டுவது என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. உங்கள் விரல்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், மணலில் நண்டு ஓடுகிற மாதிரி ஓடுகிறது என்று சொன்னேன். அதில் நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஒரு வாசிப்புக்காரன் இக்கட்டில் மாட்டினால் எதை விடுவது, எதை விடாமல் பிடித்துக்கொள்வது என்று ஒரு கேள்வி வரும். அதில் நான் ஒரு முறை பெரிய தப்புச் செய்தேன். அதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் என் அப்பா தூத்துக்குடிக் கரையிலிருந்து எங்களைக் கப்பலேற்றிப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். வளர்ந்து நான் ஃபீனிக்ஸ் பே பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர் ஆனேன். ஒரு சரக்குக் கப்பலின் சமையல்காரருக்கு உடைந்த அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தேன். அவர் சந்தோஷத்தில் தன் பழைய கித்தாரை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். ஆறு கம்பி இருக்க வேண்டியதில் நான்குதான் இருந்தன. ஆறு இருக்க வேண்டும் என்பதே எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

கம்பி என்றால் இன்றைக்கு உங்களுக்குக் கடைக்குப் போனால் கிடைக்கிறது. எங்களுக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். மெல்லிய கம்பி முதலில் அறும். அறுந்தால் அடுத்த கப்பல், இல்லை அதற்கடுத்த கப்பல். உப்புக்காற்றில் மூன்று வாரத்தில் துரு ஏறிவிடும். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தேன். எலி நக்கிவிட்டுப் போனது. சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்து ஒரு இழையைக் கட்டிப் பார்த்தேன். கித்தாரின் கழுத்தே வளைந்தது. மிச்சம் எப்போதும் தடித்த கம்பிகள்தான். ஆகவே நான் தடித்த கம்பிகளில் வாசித்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

அப்புறம் நிதாய். நிதாய் பெரார்கஞ்ச் வயல்காட்டுப் பக்கத்து வங்காளிக் குடும்பம். துறைமுக லாஞ்சில் லஸ்கராக இருந்தான், கயிறு எறிந்து பிடித்துக் கட்டுகிற வேலை. டிரம் அடிப்பான். அவன் அடித்தால் லாஞ்ச் எஞ்சின் வெட்கப்படும். அவன் வீட்டில் ஒரு பெரிய வால்வு ரேடியோ இருந்தது. உப்பு ஏறி எந்த ஸ்டேஷனும் பிடிக்காமல் போனதும், ரிப்பேருக்குக் கொண்டுபோகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னிடம் கொண்டுவந்தான். ரேடியோவின் பின்னால் கிராமபோன் மாட்டுகிற துளை உண்டு. ஓட்டை டெலிபோனின் காதுப்பக்கத்தில் இருந்த காந்தத்தையும் கம்பிச்சுருளையும் எடுத்துக் கித்தாரில் கட்டி, அதில் ஒரு வயரை இழுத்து ரேடியோவின் துளையில் செருகினேன்.

என்ன சத்தம் வந்தது என்கிறீர்கள்? பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ரேடியோவின் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருந்தது. கம்பியைத் தட்டினால் அந்தக் கிழிசல் அடித்துக்கொண்டு உறுமும். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. சோற்றுப் பசையால் ஒட்டினேன். கரப்பான்கள் பசையையும் தின்றன, கூடச் சேர்த்துக் காகிதத்தையும் தின்றன. கிழிசல் இன்னும் பெரிதாயிற்று. மறுநாள் வாசித்தபோது நிதாய் டிரம்மை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். காட்டில் மரம் இழுக்கிற யானை கோபத்தில் கத்துவதை அவன் கேட்டிருக்கிறான். "யே தோ ஹாத்தி ஹை, யார்" என்றான், இது யானையப்பா என்று. அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஹாத்தி என்றே பெயர்.

ஹாத்திக்கு மூன்று சுரம் சேர்த்துக் கொடுத்தால் குழப்பிச் சேறாக்கிவிடும். இரண்டு கொடுத்தால் கல் மாதிரி நிற்கும். சும்மா விட்டால் தானாக ஊளையிடும். ஆகவே உள்ளங்கையால் கம்பியை அமுக்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். இரண்டு சுரம், தடித்த கம்பி, அமுக்கிய கை. நீங்கள் என்னிடம் கேட்ட ஸ்டைல் முழுக்க இவ்வளவுதான். கம்பி வராத கப்பலும், பசை தின்ற கரப்பானும் எனக்குக் கொடுத்தது.

இதில் நானாகச் சேர்த்தது ஒன்று உண்டு. மெல்லிய கம்பி இருக்கிற மாதத்தில், பாட்டின் நடுவே நிதாயையும் எங்களோடு டிரம்பெட் ஊதிய மாஸ்டரையும் அடக்கிவிட்டு, நான் மட்டும் தனியாக மேலே ஏறிப் பறப்பேன். கல்யாண வீட்டில் சாம்பார் ஊற்றுகிறவன்கூட வாளியோடு நின்றுவிடுவான். எல்லா முகமும் என் பக்கம் திரும்பும். ஆண்டவர் மன்னிக்கட்டும், அந்த நிமிஷத்துக்காகவே நான் உயிரோடு இருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். தூத்துக்குடிப் பக்கம், எங்கள் கரைக்காரர்கள். பெயர் லூர்து. போட்டோகூடப் பார்க்கவில்லை. கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. தவக்காலம் தொடங்கிவிட்டால் நம் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் சாம்பல் புதனுக்குப் பத்து நாள் முன்பே நாள் குறித்தோம். பெண், தாய், தகப்பன் மூவரும் மெட்ராசில் கப்பலேறக் காத்திருந்தார்கள். கப்பல் எஞ்சினில் கோளாறு. இன்று கிளம்பும், நாளை கிளம்பும் என்று தந்தி மேல் தந்தி. குறித்த நாள் தாண்டிவிட்டது. மாமனார் மெட்ராசிலிருந்து கடிதமும் போட்டிருந்தார், எங்கள் ஊருக்கு விமானத்தில் வந்த ஒரு ஆபீசர் கையில் கொடுத்து. அதில் எழுதியிருந்தது இதுதான்: வீட்டில் இன்னும் இரண்டு பெண்களை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். ஈஸ்டர் வரை அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. சாம்பல் புதனுக்கு முன்னால் தாலி ஏறாவிட்டால், அதே கப்பலில் பெண்ணைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

அந்தக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து நான் பட்டறையில் இரும்பைப் பற்றவைத்தேனா, என் கையைப் பற்றவைத்தேனா என்று எனக்கே தெரியாது. பார்த்திராத ஒரு பெண்ணுக்காக அப்படி ஒரு தவிப்பு. சனிக்கிழமை வரை கப்பலைக் காணோம். ஞாயிறு விடியலில், முதல் பூசைக்கு முன்னால், ஹாத்தியை ஒரு படுக்கை விரிப்பில் சுற்றித் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். புனித அந்தோணியார் சுரூபத்தின் காலடியில், மெழுகுதிரிகளுக்கு நடுவில் இறக்கிவைத்தேன். முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டேன்: "அந்தோணியாரே, செவ்வாய்க்கிழமைக்குள் கப்பல் வரட்டும், அந்தப் பெண் எனக்கு மனைவியாகட்டும். இந்தப் பெட்டியை இனி நான் தொடமாட்டேன். இது உமக்கு."

அழுதுகொண்டேதான் வெளியே வந்தேன். என்னிடம் இருந்ததிலேயே பெரியதைக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு நிறைவும் இருந்தது.

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார் அல்லவா? பூசைக்கு வந்த சனம், யாரோ தொலைத்த ரேடியோவை அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து அதைத் தொட்டுக் கும்பிட்டது. இரண்டாம் பூசையில் பங்குச் சாமியார், ரேடியோவைத் தொலைத்தவர்கள் அடையாளம் சொல்லி எடுத்துப்போகலாம் என்று அறிவித்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் நிதாய் பயிற்சிக்கு வந்தான். டிரம்மை வைத்துவிட்டு மூலையைப் பார்த்தான். மூலை காலியாக இருந்தது.

"ரேடியோ கஹான் ஹை?"

"அந்தோணியார்கிட்ட."

"அவரு ரிப்பேர் பண்றாரா?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அவனுடைய தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"தேக் யார். உன் கல்யாணம், உன் சாமி. டீக் ஹை. என் ரேடியோவை ஏன் குடுத்தே? ரெண்டு வருஷமா அப்பாகிட்ட ரிப்பேர்ல இருக்குன்னு சொல்றேன். இப்ப சாமி வெச்சிருக்காருன்னு சொல்லவா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆண்டவர் சாட்சி, அது நிதாயின் சொத்து என்ற எண்ணமே அதுவரை எனக்கு வரவில்லை. சத்தம் என் விரலில் பிறக்கிறது, ஆகவே பெட்டியும் என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். தம்பிமார்களே, கித்தார்க்காரன் செய்கிற தப்பு இது. டிரம்காரன் செய்யமாட்டான். அவனுக்குத் தன் பின்னால் யார் இருக்கிறார், முன்னால் யார் இருக்கிறார் என்று எப்போதும் தெரியும்.

போய் எடுத்துவந்துவிடு என்றான். நேர்ந்ததை எப்படி எடுப்பேன்? எடுத்த மறு நிமிஷம் கப்பல் நடுக்கடலில் நின்றுவிட்டால்? முடியாது என்றேன். அப்படியானால் ஹாத்தி இல்லாத இடத்தில் தனக்கும் வேலை இல்லை என்று டிரம்மைத் தூக்கிக்கொண்டு நிதாய் போய்விட்டான். பெண்ணும் வரவில்லை, பெட்டியும் போயிற்று, கூட்டாளியும் போனான்.

திங்கட்கிழமை கடல் வெறுமையாகக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டறையில் ஒரு தகட்டை அறுத்துக்கொண்டிருக்கும்போது கப்பலின் சங்கு கேட்டது. கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுத் துள்ளினேன். போர்மன் என்னைத் திட்டவில்லை. கையால் போ போ என்றார். ஊருக்கே தெரியும்.

கப்பல் நிற்கிற பெரிய துறையில் ஒரு சரக்குக் கப்பல் மரம் ஏற்றிக்கொண்டிருந்தது. ஆகவே நம் கப்பல் வெளியே நங்கூரம் போட்டது. ஆட்களை லாஞ்சில் ஃபீனிக்ஸ் பேக்குக் கொண்டுவருவார்கள் என்று சொன்னார்கள். வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு வர நேரம் இருந்தது. எனக்குத்தான் கால் நகரவில்லை. கரியும் பொட்டு பொட்டாகத் தீப்பொறி ஓட்டையும் விழுந்த காக்கிச் சட்டையிலேயே படகுத்துறையில் நின்றேன்.

மூன்றாவது லாஞ்சில் வந்தார்கள். கயிறு எறிந்தவன் நிதாய். என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை எறிந்தான். அவன் பக்கத்தில், தகர டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒரு பெண் அவன் சொல்வதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் பச்சையாக வெளிறியிருந்தது. கண் குழி விழுந்திருந்தது. ஆனாலும் சிரித்தாள். அவள் பின்னால் தேர்வடம் மாதிரி மீசை வைத்த ஒருவர். அவர் இறங்கியதும் என் காக்கியைப் பார்த்தார், டிரங்குப் பெட்டியைக் காட்டினார்.

"ஏலே, தூக்கு. கோயில் எங்கன இருக்கு?"

தூக்கிவிட்டேன். வேறு என்ன செய்வது? மாமனாரின் முதல் கட்டளை. டிரங்கு தலையில் ஏறிய பிறகு, நான்தான் மாப்பிள்ளை என்று எந்த வாயால் சொல்வேன்? என் அம்மா சம்பந்திகளைக் கும்பிட ஓடிவந்து என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம்தான் மாமனாருக்கு விளங்கியது. மீசை நடுங்க நின்றார். லூர்து மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், வாந்தியா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு கேட்டாள்.

"அந்த யானை எங்க?"

தலையில் டிரங்கோடு சிலையாக நின்றேன். லாஞ்சுக்குள் நிதாய் கயிற்றை ரொம்பக் கவனமாகச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

நங்கூரம் போட்ட இடத்திலிருந்து கரை வருகிற இருபது நிமிஷத்தில் அவன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். நான்கு நாள் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்த பெண்ணை எழுப்பி உட்காரவைத்து, உன் ஆள் யானையை வாசிக்கிறவன், ஆடு கயிறறுத்து ஓடும், இன்றைக்குக் கல்யாணத்தில் கேட்கப்போகிறாய் என்று சொல்லியிருக்கிறான். நேர்ச்சையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. திருட்டுப் பயல்.

நாலு மணிக்குக் கல்யாணப் பூசை. தாலி கட்டினேன். கட்டும்போது அவள் லேசாக ஆடிக்கொண்டிருந்தாள். கப்பல் இன்னும் காலுக்குள் இருக்கிறது என்று காதோடு சொன்னாள். பக்கத்துப் பீடத்தில் அந்தோணியார் காலடியில் ஹாத்தி, மேலெல்லாம் மெழுகு வழிந்து உட்கார்ந்திருந்தது. நான் கேட்டதை அவர் முழுசாகக் கொடுத்துவிட்டார். என் மனைவி என்னிடம் கேட்ட முதல் காரியமோ, அவளுக்காக நான் கொடுத்துவிட்ட அந்தப் பெட்டி. கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அந்த நிலையில் நிற்கிற மாப்பிள்ளையைப் போட்டோவில் பாருங்கள். இப்போதும் வீட்டில் மாட்டியிருக்கிறது, பல்வலிக்காரன் மாதிரி இருப்பேன்.

பூசை முடிந்து கையெழுத்துப் போடச் சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற அறைக்குப் போனோம். நான் அவர் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லூர்துக்கும் அப்போதுதான் தெரிந்தது. சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிதாய் எட்டிப் பார்த்தான்.

"ஃபாதர், ரேடியோ தொலைஞ்சதுன்னு சொன்னீங்களாமே. மேரா ஹை. அடையாளம் சொல்றேன். உள்ள கரப்பான் இருக்கும்."

சாமியார் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். என் பக்கம் திரும்பினார்.

"அடுத்தவன் ஆட்டை நேர்ந்துவிட்டு, நீ புண்ணியம் தேடுவியா சேவியர்?"

"தெரியாமச் செஞ்சுட்டேன் சாமி. ஆனா வாக்குக் குடுத்துட்டேனே. கப்பலும் வந்துருச்சே. இப்ப மாத்துனா ஆண்டவரை ஏமாத்துனது ஆகாதா?"

லூர்து அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், சாமியாரைப் பார்த்துக் கேட்டாள்.

"சாமி, நான் வரணும்னுதான அவுக அத விட்டாக? வந்துட்டேன். வந்தவளுக்குக் கேக்கக் குடுத்து வைக்கலையாக்கும்."

சாமியார் யோசித்தார். தம்பிமார்களே, அவர் பெயரை நான் எழுதவில்லை. அவர் உயிரோடு இருந்தால் எழுத விடமாட்டார். அவருக்குக் கித்தாரில் எத்தனை கம்பி என்று தெரியாது. என் வாழ்நாளில் வாசிப்பைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே பாடம் அவரிடமிருந்துதான். நேர்ச்சையை அப்படியே தள்ளிவிடவும் மாட்டேன், அடுத்தவன் பொருளை அந்தோணியாருக்கு வைக்கவும் விடமாட்டேன், நேர்ச்சையை மாற்றித் தருகிறேன் என்றார். அதற்கு அதிகாரம் தமக்கு உண்டு என்றும் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"பெட்டி நிதாயோடது. சத்தம் உங்க எல்லாருக்கும் பொது. இதுல உனக்கே உனக்குன்னு என்ன இருக்கு?"

எனக்குப் பதில் உடனே தெரிந்தது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. நிதாய்க்கும் தெரியும், அவன் நல்லவன், தரையைப் பார்த்தான். கடைசியில் நானே சொன்னேன். நடுவில் எல்லோரையும் நிறுத்திவிட்டு நான் மட்டும் பறக்கிற இடம் ஒன்று இருக்கிறது சாமி, எல்லா முகமும் என் பக்கம் திரும்பும், அது எனக்கே எனக்கு.

"அதை வை" என்றார். "அந்த இடம் வர்றப்போ வாசிக்காதே. மனசுக்குள்ள ஒரு அருள் நிறைந்த மரியே ஜபம் சொல்லு. சாகுற வரைக்கும். முடியுமா?"

உங்களில் ஒருவரிடம் போய், இனி சோலோ கிடையாது, சாகிற வரை கிடையாது என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? அன்றைக்கென்று, என் கல்யாணத்துக்கென்று, மூன்று மாதமாக ஒரு பறப்பைச் செய்துவைத்திருந்தேன். மெல்லிய கம்பி இரண்டைக் காகிதத்தில் சுற்றித் தலையணைக்கு அடியில் பாதுகாத்து வைத்திருந்தேன். ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம் நிதாய், அவன் ரேடியோ, கால் ஆடுகிற என் மனைவி. முடியும் சாமி என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. லூர்துக்குக் கேட்டது. அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஹாத்தியை அந்தோணியார் காலடியிலிருந்து தூக்கிவந்தது நிதாய். மெழுகைச் சுரண்டாதே, அழகாக இருக்கிறது என்றான். கோயிலை ஒட்டிய மண்டபத்தில் விருந்து. தவக்காலத்துக்கு முந்திய கடைசி மாலை. கறிச்சோற்றை சனம் ஆசை தீரத் தின்றுகொண்டிருந்தது. டிரம்பெட் மாஸ்டர் ஏற்கனவே இரண்டு மெட்டு வாசித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் மாப்பிள்ளைக் கோட்டோடு கித்தாரை மாட்டினேன். மாமனார் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு.

நிதாய் நாலு தட்டுத் தட்டினான். நான் கையை இறக்கினேன்.

ஐயோ, அந்த முதல் அடியை எப்படி எழுதுவேன். உறை மாட்டாத பல்பு ஆடியது. பாயசத் தம்ளர்கள் மேசை விளிம்புக்கு நடந்து போயின. ஒரு கிழவர் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். மூன்று நாள் வாசிக்காத பசி, கப்பல் வந்த சந்தோஷம், நிதாய் திரும்பி வந்த சந்தோஷம், எல்லாம் சேர்ந்து என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அமுக்கி அமுக்கி அடித்தேன். லூர்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, பெஞ்சில் மடங்கி மடங்கிச் சிரித்தாள். மாமனார் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் விசைப்படகுக்காரர். எஞ்சினில் எங்கே தட்டுகிறது என்று கேட்கிற முகம் அது.

பிறகு அந்த இடம் வந்தது. வழக்கப்படி நிதாய் தடியைத் தூக்கி நிறுத்தினான், மாஸ்டர் டிரம்பெட்டை இறக்கினார். மண்டபம் அமைதியானது. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. விரல்கள் தாமாகவே கழுத்தின் மெல்லிய பக்கத்துக்கு ஓடிவிட்டன. பாதி வழியில் பிடித்து நிறுத்தினேன். படகுத்துறையிலிருந்து குதித்தவன் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. உதட்டுக்குள் ஜபத்தை ஆரம்பித்தேன். ஒரு சத்தமும் இல்லை. சனம் பார்க்கிறது. வரி மறந்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள்.

நிதாய் என் உதட்டைப் பார்த்தான். அவனுக்கு அந்த மந்திரம் தெரியாது, எவ்வளவு நீளம் என்றும் தெரியாது. ஆனாலும் நான் தனியாக நிற்கிறேன் என்று தெரிந்தது. தடியை இறக்கி, மெதுவாக, அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி அடிக்க ஆரம்பித்தான். அவன் அவ்வளவு அழகாக அடிப்பான் என்று இரண்டு வருஷம் கூட வாசித்த எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அந்த இடத்தில் நான் எப்போதும் பறந்துகொண்டிருந்தேன். முகங்கள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் திரும்பின. ஜபம் முடிந்தது. கையை இறக்கினேன். ஹாத்தியும் டிரம்மும் ஒரே அடியாக விழுந்தன. மாமனார் கட்டிய கையை அவிழ்த்துத் தொடையில் தட்டினார்.

"இப்பத்தாம்லே எஞ்சின் பிடிச்சிருக்கு" என்றார்.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் வாசித்தேன். கல்யாணங்கள், கோயில் திருவிழாக்கள், பெரார்கஞ்ச் துர்கா பூஜைப் பந்தல்கள், லிட்டில் அந்தமான் வரை லாஞ்சில் போய் வாசித்தோம். சேவியருக்குத் தனியாக வாசிக்க வராது என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. நான் திருத்தவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் விரல் இன்றைக்கும் அரிக்கிறது. அரிக்காத நேர்ச்சை நேர்ச்சையா என்று நினைத்துக்கொள்வேன்.

வருகிற திருவிழாவில் உங்களோடு இரண்டு பாட்டு வாசிக்க அழைத்திருக்கிறீர்கள். வருகிறேன். டிரம் அடிக்கிற தம்பிக்கு மட்டும் ஒன்று சொல்லிவைக்கிறேன். நடு இடத்தில் நான் கையை எடுத்துவிட்டு உதட்டை அசைப்பேன். பயந்து நிறுத்திவிடாதே, என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டாதே. அந்த இடம் உன்னுடையது. நான் ஆமென் சொல்கிற வரை அடித்துக்கொண்டிரு.